மறு: ‘அபண்டன்ட் நம்பர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> பேசாமல் ‘மிகையெண்’ என்றே வைத்துவிடலாமே?

அண்ணே, வணக்கம். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே. பள்ளிக் கணக்கில் மிகை எண் என்றால் சுழிக்கு மேலே, குறை எண் என்றால் சுழிக்குக் கீழே. “12 மிகையெண், 10 குறையெண்” என்று சொன்னால், பத்துக்கு முன்னால் கழித்தல் குறி எங்கே என்று பிள்ளைகள் கேட்கும்.

நமக்கு வேண்டிய பொருள் வேறு. எண்ணை விட்டுவிட்டு அதன் மற்றக் காரணிகளைக் கூட்டுகிறோம். 12க்கு 1+2+3+4+6=16, எண்ணைத் தாண்டிவிட்டது; இப்படித் தாண்டுவதுதான் அபண்டன்ட். 10க்கு எட்டுதான். 28க்குச் சரியாக 28. அப்படிச் சரியாக வருவதற்கு நிறைவெண் என்ற சொல் இருக்கிறது, தகராறில்லை.

காரைக்குடிப் பக்கம் வாயைத் திறந்தால் கோடிதான் (கையில் இருக்கிறதோ இல்லையோ), அதனால் நேற்று ஒரு கோடியையே போட்டுப் பார்த்தேன். ஏழு இரண்டுகளையும் ஏழு ஐந்துகளையும் பெருக்கினால் கோடி. ஒவ்வொன்றிலும் ஒன்றுமில்லாமல் தொடங்கி ஏழு வரை எடுக்க எட்டு வழி; எனவே காரணிகள் 8×8, அறுபத்துநாலு. கோடியை விட்டு மற்ற 63ஐயும் கூட்டினால் 1,49,02,280. முதலுக்கு மேல் 49 லட்சம்! மொய் எழுதுவதுபோல் ஒரு ரூபாய் சேர்த்து 1,00,00,001 ஆக்கினேன். அது 11×9,09,091, இரண்டுமே பகா எண்கள். கூட்டுத்தொகை வெறும் 9,09,103. ஒற்றை ரூபாயில் குடி முழுகிப்போச்சு.

ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்கும்போது கணக்கு உதைத்தால் எங்கள் ஐயா “துண்டு விழுதப்பா” என்பார். ஆகவே தாண்டுவது விஞ்செண், தாண்டாதது துண்டெண். எப்படி?

---

> தாண்டாதது துண்டெண்

விஞ்செண் நன்று; பகுஎண் போலவே வினைத்தொகை. துண்டெண் வேண்டாம் தம்பி. தேவகோட்டையில் என் வகுப்பில் சொன்னால் பின்னம் என்றுதான் நினைப்பார்கள். பகு, பகா மாதிரி விஞ்சா எண் என்றால் ஜோடி சேருமே?

---

சேராதுங்க. 28ம் விஞ்சவில்லையே! நிறைவெண்ணும் அந்தக் கூடைக்குள் விழுந்துவிடும். தன் அளவை எட்டாததை மட்டும் பிரிக்க வேண்டும்: எட்டா எண். ‘எட்டு’ என்ற எண்ணோடு குழம்பும் என்பீர்கள்; 1+2+4=7, எட்டும் எட்டா எண்தான், போகட்டும்.

கிளைச்சொல்லும் வருகிறதா என்று பார்த்தேன். அதிகப்படித் தொகைக்கு ‘விஞ்சல்’: 12க்கு 4, கோடிக்கு 49,02,280. குறைகிற தொகைக்குத் ‘துண்டு’ என்றே வைத்துக்கொள்கிறேன், ஐயாவுக்காக. 10க்குத் துண்டு 2.

---

தொகைக்குத் துண்டு பொருந்துகிறது, எதிர்ப்பில்லை. விளக்கத்தில் 945ஐயும் சேருங்கள். ஒற்றைப்படையில் முதல் விஞ்செண் அது, விஞ்சல் 30. இல்லாவிட்டால் விஞ்செண் எல்லாம் இரட்டைப்படை என்று எழுதிவைப்பார்கள். என் வகுப்பில் எழுதியே விட்டார்கள்.