கட்டிய கார்களும் அதைப் பார்க்க வந்தவர்களும்

தாம்பரத்திலிருந்து:

ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 (நிஜக் காரில் 32இல் ஒரு பங்கு அளவு) டிரையம்ப் ஹெரால்டு மாடல் கார் கிட்டை வாங்கும்போதே அதை அப்படியே ஒட்டி முடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது நம் வண்டலூர்ப் பக்கத் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதிலும் மார்க் 3. இங்கிலாந்தில் 1959இல் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. 1961 முதல் இங்கே செய்ததற்கும் முதலில் அப்படித்தான். ஆனால் டிரைவர் ஓட்ட, குடும்பம் பின்சீட்டில் போகிற ஊர் இது. முன்சீட்டை மடக்கி ஒதுங்கி நுழைவது இங்கே சரிப்படவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள், அதுதான் மார்க் 3. என்னைப் பொறுத்தவரை அந்தக் காரின் அழகே அந்தப் பின்கதவுதான்.

நிஜக் காரின் நீளம் 153 அங்குலம். 1/32இல் அது 12 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பழைய கதவுக்கோட்டை முதலில் அடைக்க வேண்டும். டிங்கரிங் கடையில் பயன்படுத்தும் அதே என்.சி. பட்டியைத்தான் எடுத்தேன். அதிலிருக்கும் தின்னர் கிட்டின் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தடிமனாக அப்பினால் பாடியே குழிந்து போகும். அதனால் மெல்லியதாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் இன்னொன்று. பிறகு 400இல் தொடங்கி 1000 வரை வாட்டர் பேப்பர். புதிய கோடு இழுக்க, லேபிள் அடிக்கும் டைமோ டேப்பை ஒட்டி அதன் ஓரமாக ஊசியை நகர்த்தினேன். முதல் சில இழுப்புகளில் அழுத்தமே கூடாது. ஊசி தானாகப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அழுத்தினால் போதும்.

அளவெடுக்க, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டில் நிற்கும் மார்க் 3ஐப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுப் பெரியவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டப்பாவிலிருந்து பாடியை எடுத்துக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கொண்டி எங்க தம்பி?"

எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். முன்சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும், பாடிக்கு வெளியே ஒவ்வொரு கொண்டி. "இதை நெம்பி விட்டாத்தான் பானட்டு, மட்கார்டு, லைட்டு எல்லாமே ஒண்ணா முன்னால சாயும். டயர் மேல உக்காந்துகிட்டே இன்ஜின் வேலை பாக்கலாம். இது இல்லாம ஹெரால்டு ஏதுங்க?"

அவர் சொன்ன இன்னொரு விஷயம் மாடல் வேலையையே மாற்றியது. ஹெரால்டின் பாடி ஒரே கூடு கிடையாது. தனித்தனிப் பாகங்களைத் தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைப்பார்கள். அதனால் பானட்டும் பாடியும் சேரும் இடம் வெறும் கோடு இல்லை, உண்மையான சந்து. விரலால் தடவினால் தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு இடத்தைக் கதவுக்கோட்டைவிட இரு மடங்கு ஆழமாகக் கீறினேன். பெயின்டுக்குப் பிறகு மற்ற கோடுகளுக்குச் சாம்பல் வாஷ் (கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்), இதற்கு மட்டும் கறுப்பு. கொண்டிகளை 0.25 மி.மீ. ஸ்டைரீன் பட்டையில் செய்தேன். அரிசி நுனி அளவுதான். பெரியவரிடம் மறுபடி கொண்டு போனபோது கதவைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொண்டியைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு வீட்டுக்குள் எல்லாரையும் கூப்பிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் தெருவில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1/24 மினி கூப்பருக்கு இன்ஜின் டீட்டெயில் செய்துகொண்டிருந்தேன். நிஜத்தில் பிளக் வயர் 7 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தால் 1/24இல் 0.3 மி.மீ. வெளிநாட்டில் இதற்கென்றே வயர் விற்கிறார்கள். நம் ஊரில் அது தேவையே இல்லை. பம்பு மோட்டார் வைண்டிங் கடை எந்தத் தெருவில்தான் இல்லை? 30 கேஜ் எனாமல் காப்பர் வயர் சரியாக 0.315 மி.மீ. ஒரு முழம் கேட்டால் காசுகூட வாங்க மாட்டார்கள். கறுப்புப் பெயின்டில் தோய்த்துத் தொங்கவிட்டால் பிளக் வயர் ரெடி.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், 0.35 மி.மீ. டிரில் பிட்டைக் கைவைஸில் பிடித்து ஓட்டை போட்டு, நான்கு வயரையும் அழகாக வளைத்து வைத்திருந்தேன். அண்ணன் டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லென்ஸ் கேட்டார்.

"ஏனுங் தம்பி, இந்த வண்டி ஸ்டார்ட் ஆவுங்களா?"

மாடல்தானே என்றேன். அவர் விடவில்லை. பயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பிளக் பொறி விழும் வரிசை) 1-3-4-2, இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும், அந்த வரிசையில்தான் மூடியைச் சுற்றி வயர் வர வேண்டும் என்று பேப்பரில் படம் போட்டுக் கொடுத்தார். ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்புக்கு அவர் சொன்ன வழி இன்னும் நல்ல வழி: சாக்லேட்டின் வெள்ளித் தாளை முடி அகலத்துக்குக் கீறிச் சுற்றி, நுனியை மட்டும் வெளியே நீட்டி விடு. நீட்டிய நுனிதான் கிளாம்பு என்று கண்ணுக்குச் சொல்கிறது. இப்போது அவர் வாரம் தவறாமல் வந்து, அடுத்தது என்ன இன்ஜின் என்று கேட்கிறார். யாரிடமாவது இந்த மினியின் ஏ சீரீஸ் இன்ஜினின் கார்புரேட்டர் பக்கப் படம் கிட்டத்தில் எடுத்தது இருந்தால் அனுப்புங்கள். அவருக்கும் காட்ட வேண்டும்.

டொராண்டோவிலிருந்து, சொந்த இடம் சாவகச்சேரி:

நான் செய்தது ஆஸ்டின் ஏ40 சோமர்செட். 1/24, ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நீளம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த உருண்டை மட்கார்ட் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கிட் தேடி அலையாமல் மரத்தில் அச்சுச் செதுக்கி, அடுப்பில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் இழுத்துப் பாடி எடுத்தேன். சோமர்செட்டின் பக்கங்களில் தட்டையான இடமே கிடையாது. வளைவுகளைச் சரிப்படுத்தினதுதான் முழு வேலையும். பெயின்ட், உள்வேலை எல்லாம் அதற்குப் பிறகு சுலபம்.

முடித்த காரை, ஊரில் வாடகைக் கார் ஓடிய எங்கள் பெரியப்பாவிடம் காட்டினேன். மினுங்குகிற கறுப்பு, பம்பருக்கு மொலோடோ பேனாவின் குரோம் மை, எல்லாம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது கொழும்புக் கார். எங்கட கார் இல்லை."

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்தேன். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலம். கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடாகினதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். பெற்றோலுக்கென்று சின்னப் போத்தல் ஒன்று எப்போதும் கையோடு இருக்கும். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது, புகை தள்ளும். "பின்பக்கம் வெள்ளைக் கார் எண்டாலும் கறுத்துத்தான் கிடக்கும். துடைச்சா இன்னும் இழுபடும்." கூரையில் கரியர், அதில் கயிற்றால் கட்டின சாக்குமூட்டை, டிக்கி மூடாமல் அரைவாசி திறந்தபடி. ஊருக்கு ஊர் இடம்பெயர்ந்த நாள்களில் ஒரு காருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் சொன்னார்.

கறுப்பைக் கழற்றி வெளிர்ச் சாம்பல் அடித்தேன். அதன்மேல் பளபளப்பு இல்லாத நிறமற்ற கிளியர் பூச்சு. புகைக்கரிக்குப் பெயின்ட் பாவிக்கவில்லை. ஓவியர்களின் பாஸ்டல் கட்டியை வாட்டர் பேப்பரில் உரைத்துத் தூளாக்கி, காய்ந்த தூரிகையால் புகைக்குழாயிலிருந்து மேல்நோக்கித் தேய்த்தேன். ஈரத் துணியால் ஒருதரம் இழுத்துவிட்டேன், பெரியப்பா சொன்ன மாதிரி. பெற்றோல் போத்தலை, சூட்டில் இழுத்த ஸ்ப்ரூவில் (கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சி) செய்து முன்சீட்டுக்குக் கீழே வைத்தேன். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பெரியப்பா குனிந்து பார்த்தார். இப்போது அந்தக் கார் அவர் வீட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. திருப்பிக் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை.

மதுரையிலிருந்து:

சென்டி டாய்ஸ் பொம்மை அம்பாசடர் காரைப் பிரித்து டீட்டெயில் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் ஸ்குரூவைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடுகிறது. ஸ்டியரிங் ராடிலேயே கியர், பின்சீட்டில் வெள்ளை டவல், டாஷ்போர்டில் பிள்ளையார் வரை முடிந்தது. எதிர்வீட்டு டாக்சிக்கார மாமா பார்த்துவிட்டு முன்பம்பரில் எலுமிச்சை, மிளகாய் கட்டச் சொன்னார், அதுவும் ஆச்சு. இரண்டு சந்தேகம். மழைக்காலத்தில் வெள்ளை லாக்கர் அடித்தால் பரவாயில்லை, கறுப்பு அடித்தால் ஏன் பால் கலந்த மாதிரி வெளுக்கிறது? கண்ணாடியை எதை வைத்து ஒட்டுகிறீர்கள்?

தாம்பரத்திலிருந்து:

லாக்கரில் இருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். வெள்ளையிலும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் ஏறின மதியத்தில் அடியுங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேருங்கள். ஏற்கெனவே வெளுத்ததன் மேல் அதே தின்னரை மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். முகமூடி கட்டாயம். கண்ணாடிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிடும்.

ஹெரால்டு பின்கதவின் அளவுகள் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கேளுங்கள். கையில் டேப் பிடித்து எடுத்தவை. அரை அங்குலம் முன்பின் இருக்கலாம், 1/32இல் அது 0.4 மி.மீ.