மாஸ்டர் சிலிண்டர்: 'முதன்மை உருளை'க்குப் பதில் 'ஏவுருளை' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டுவோருக்கான கையேட்டில் முன்சக்கர பிரேக் பகுதியின் சொற்பட்டியலைப் பார்த்தேன். கைப்பிடியில் அமர்ந்து, பிரேக் பிடியை விரலால் இழுக்கும்போது திரவத்தை அழுத்திக் குழாய் வழியே சக்கரத்துக்கு அழுத்தத்தை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு முதன்மை உருளை, தலைமை உருளை, தாய் உருளை என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. சொல்வதற்கு மூன்றும் எளியவை. ஆனாலும் மூன்றையும் நான் எதிர்க்கிறேன். அவை அந்தப் பொருளுக்கு ஒரு பதவியைக் கொடுத்துவிட்டு, அது செய்யும் வேலையைச் சொல்லாமல் விடுகின்றன.

முதன்மை என்றதும் பெரியது, வலியது என்ற எண்ணம்தான் முதலில் எழும். பழைய உருளை கசியத் தொடங்கிப் புதியதைத் தேடுபவர் அந்த எண்ணத்தோடு போனால், உள்விட்டம் பெரிதாக உள்ளதைத்தான் கேட்டு வாங்குவார். பிரேக் வலுக்கும் என்று நம்புவார். நடப்பதோ நேர் எதிர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. விரல் தரும் விசை மாறாதபோது, பிஸ்டனின் பரப்பு கூடினால் குழாயில் ஏறும் அழுத்தம் குறையும். பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 12.7 மி.மீ. உருளையைக் கழற்றிவிட்டு 14 மி.மீ. உருளையைப் பொருத்தினால், விட்டத்தில் வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. அழுத்தம் மட்டும் ஏறத்தாழ 18 விழுக்காடு இறங்கிவிடும். பிடி குறைந்த தொலைவே நகரும், கைக்கு இறுக்கமாகத் தெரியும். அந்த இறுக்கத்தைப் பிரேக்கின் வலிமை என்று எண்ணிக்கொள்வது எளிது.

கையேட்டில் தனிப் பக்கமே ஒதுக்க வேண்டிய ஒரு நிலை இருக்கிறது. முன்சக்கரத்தில் இரண்டு பிரேக் வட்டுகள் (டிஸ்க்) கொண்ட வண்டியை வாங்குகிறார்கள். தோற்றம் எளிமையாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்து வட்டையும் அதைக் கவ்வும் இடுக்கியையும் (காலிப்பர்) கழற்றிவிடுகிறார்கள். மேலே இருந்த 16 மி.மீ. உருளை அப்படியே இருந்துவிடுகிறது. அதே விரல் விசைக்கு அதே அழுத்தம்தான் பிறக்கும். அந்த அழுத்தம் வேலை செய்ய, இடுக்கிகளுக்குள் முன்பிருந்த பரப்பில் பாதிதான் மிச்சம். தடுக்கும் விசையும் பாதியாகிறது. பிடி மரக்கட்டையைப் பிடித்ததுபோல் இறுகி நிற்கிறது.

பழைய வலிமை திரும்ப வேண்டுமானால் கைப்பிடியில் உள்ள உருளையின் பரப்பையும் பாதியாக்க வேண்டும். 16 மி.மீ. உருளையின் பரப்பு 201 சதுர மி.மீ.; அதில் பாதிக்கு விட்டம் சுமார் 11.3 மி.மீ. வரும். விற்பனையில் வழக்கமாகக் கிடைக்கும் அளவுகளில் 11 மி.மீ. போட்டால் பழைய வலிமை சற்றே கூடுதலாகவே கிடைக்கும். பிடி முன்பைவிடச் சிறிது அதிகம் நகரும். 12.7 மி.மீ. போட்டால் பழைய வலிமையில் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். பிடியின் நகர்வு குறையும். 14 மி.மீ. என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பிடியின் நெம்புவிகிதம் (விரலின் விசையை அது பெருக்கும் அளவு) மாறவில்லை என்று வைத்துச் செய்த கணக்கு இது. இரண்டு வட்டுகள் தாங்கிய சூட்டை இனி ஒன்றே தாங்க வேண்டும் என்பது தனிக் கவலை. எந்த உருளையை வாங்கினாலும் அது தீராது என்பதையும் கையேடு சொல்லியாக வேண்டும்.

ஆக, கைப்பிடி உருளையின் அளவு தனியே நல்லதும் இல்லை, தீயதும் இல்லை. கீழே இடுக்கிக்குள் இருக்கும் உருளைகளின் மொத்தப் பரப்போடு வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள். வாங்குபவரின் மனத்தில் பதிய வேண்டிய செய்தி இதுதான். அதனால் இரண்டு உருளைகளுக்கும் இணையான பெயர் வேண்டும். ஒன்றைச் சொன்னதும் மற்றது நினைவுக்கு வர வேண்டும். என் பரிந்துரை: அழுத்தத்தை அனுப்புவது ஏவுருளை, அதைப் பெற்று வேலை செய்வது ஏற்புருளை. அப்போது 'ஏற்புருளைகளின் மொத்தப் பரப்பை ஏவுருளையின் பரப்பால் வகுத்துக்கொள்க' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'முதன்மை உருளை' என்று வைத்தால் மற்றதை 'துணை உருளை' என்போமா? சக்கரத்தை நிறுத்தும் உருளையைத் துணை என்பது எனக்கு ஒப்பவில்லை. கிளட்ச்சின் கீழ்முனையில் உள்ள உருளையை ஆங்கிலத்தில் அடிமை என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. ஏவுருளை, ஏற்புருளை என்ற இணை கிளட்ச்சுக்கும் அப்படியே பொருந்தும்.

எழக்கூடிய மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். ஏவு என்றால் ஏவுகணை நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். ஏவல், ஏவலாள், இலக்கணத்தில் வரும் ஏவல் வினை எல்லாம் கணைக்கு முன்பே நம்மிடம் புழங்கியவை. மாஸ்டர் என்ற சொல்லில் உள்ள கட்டளையிடும் பொருளும் இதற்குள் அடங்கிவிடுகிறது. புணர்ச்சியிலும் தடை இல்லை. கதவு, அழகு இரண்டும் சேர்ந்து கதவழகு ஆவதுபோல் ஏவு, உருளை இரண்டும் ஏவுருளை ஆகும்.

உந்துருளை என்று நானே முதலில் எண்ணினேன். பிஸ்டனை உந்துதண்டு என்று எழுதும் வழக்கத்தோடும் அது ஒத்துப்போகும். ஆனால் உந்துருளி என்பது மோட்டார் சைக்கிளுக்கே வழங்கும் சொல். இலங்கைச் செய்தித்தாள்களில் அதைத் தொடர்ந்து பார்க்கலாம். ஓர் எழுத்தின் வேறுபாட்டில் வண்டிக்கும் உதிரிபாகத்துக்கும் பெயர் வைத்தால் பட்டியல் பார்த்துப் பொருள் வரவழைப்பவர் திண்டாடுவார். அழுத்தி, அமுக்கி ஆகியவை காற்றை அமுக்கும் கருவிக்குப் போய்விட்டன. பிரேக் திரவமோ அமுங்காததால்தான் விரலின் விசையைக் கடத்துகிறது.

அடுத்து, இருவகை ஏவுருளைகள். ஒன்றில் பிஸ்டன் கைப்பிடித் தண்டுக்கு இணையாக ஓடுகிறது; மற்றதில் அதற்குச் செங்குத்தாக, பிடியை இழுக்கும் திசையிலேயே ஓடுகிறது. பட்டியலில் 'அச்சுவழி', 'ஆரைவழி' என்று இருக்கிறது. இந்த அமைப்பில் ஆரம் எங்கே இருக்கிறது என்று வாசகர் தேடுவார். தச்சரும் தையற்காரரும் நாளும் சொல்லும் நீளவாக்கு, குறுக்குவாக்கு என்ற சொற்கள் இருக்க வேறு எதற்கு? நீளவாக்கு ஏவுருளை, குறுக்குவாக்கு ஏவுருளை, பார்த்தவுடன் விளங்கிவிடும். குறுக்குவாக்கில் 19 × 18, 19 × 20 என்று இரண்டு எண்கள் சேர்ந்து வரும். முதல் எண் உள்விட்டம். இரண்டாவது, பிடி சுழலும் அச்சுக்கும் அது பிஸ்டனைத் தள்ளும் புள்ளிக்கும் இடையிலான தொலைவு. அந்தத் தொலைவு குறைந்தால் நெம்பும் வலிமை கூடும், பிடி நகரும் தூரமும் கூடும். இதற்கு 'நெம்புதொலைவு' போதும் என நினைக்கிறேன்.

ஏவுருளைக்கும் அதன் மேல் பிரேக் திரவம் நிற்கும் கிண்ணத்துக்கும் இடையே ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. அதை 'மீள்துளை' என்று அழைக்கலாம். பிடியை விட்டதும் மிகுதித் திரவம் கிண்ணத்துக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். மாற்றுப் பிடி போடும்போது அது பிஸ்டனைச் சிறிதளவு தள்ளியே வைத்திருந்தால், மீள்துளை மூடிக்கொள்ளும். சூடேறி விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இருக்காது. யாரும் பிடிக்காமலே பிரேக் பிடிக்கத் தொடங்கும், சக்கரம் இறுகும். சோதிப்பது எளிது. கிண்ணத்தின் மூடியைத் திறந்து, வண்டியின் வண்ணப்பூச்சில் தெறிக்காதபடி சுற்றிலும் துணியை வைத்து, பிடியை மெல்லத் தொட்டு இழுக்க வேண்டும். திரவத்தின் மேற்பரப்பில் சிறு ஊற்றுப்போல ஒரு கொப்பளிப்பு தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. இந்தப் பத்தி கையேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

'தடை எண்ணெய்' என்ற பதிவை நீக்கிவிடும்படி வேண்டுகிறேன். பிரேக் ஆயில் என்று பேச்சில் சொன்னாலும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று டப்பாவில் குறித்து வரும் தரவகைகள் எதுவும் எண்ணெய் இல்லை. கிளைகால் வகைத் திரவங்கள். எண்ணெய் என்று அச்சில் கண்டு ஒருவர் கனிம எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். டாட் 5 சிலிகோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 'பிரேக் திரவம்' என்பதே பாதுகாப்பான பெயர்.

குழாயை ஏவுருளையோடு பிணைக்கும் உள்துளை உள்ள போல்ட்டுக்கு எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. 10 மி.மீ. தடிமனில் மரை இடைவெளி 1.0, 1.25 என இரண்டு வகை உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றதை முறுக்கி ஏற்றினால் அலுமினிய உடலின் மரை அழிந்துபோகும். அந்த எச்சரிக்கையை எழுதவாவது அதற்கொரு பெயர் வேண்டும். 'துளையாணி' என்றால் துளைபோடும் ஆணி என்று படித்துவிடுவார்கள். 'வழியாணி' எப்படி இருக்கிறது?

அன்புடன்.