அறுபது தண்டாலும் 1.25 கிலோ தட்டும்

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகாமலே உடம்பை ஏற்றிவிடலாம் என்று இரண்டு ஆண்டுகள் முழுமனதாக நம்பியவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவிநாசியில் வீட்டுக்கு வந்து சேர இரவு ஒன்பதாகிவிடும். கைப்பேசியில் கிடைத்த 90 நாள் திட்டத்தைப் பார்த்து மொட்டை மாடியில் தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி என்று விடாமல் செய்தேன்.

முதல் மூன்று மாதம் பலன் தெரிந்தது. பத்துத் தண்டாலுக்கே மூச்சு வாங்கியவன் நாற்பது எடுத்தேன். நெஞ்சு சற்றுத் திரண்டது. அதன்பின் எண்ணிக்கை மட்டுமே ஏறியது. அறுபது எடுத்த நாளிலும் எடை 58 கிலோதான், சட்டைக் கை அதே தொளதொளப்புதான். அன்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

பக்கத்துத் தெருவில் பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்று உண்டு. அங்கிருந்த மாஸ்டர், "பஸ்கி எத்தனை எடுப்பாய் கண்ணு?" என்றார். "நூறு எடுப்பேன், மாஸ்டர்" என்றேன். 20 கிலோ கம்பியில் பக்கத்துக்குப் பத்துக் கிலோ மாட்டித் தோளில் வைத்தார். மூன்றாவது சுற்றில் எட்டாவது முறை உட்கார்ந்தவன் எழவில்லை. அவர்தான் கம்பியைப் பிடித்தார்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தூக்கும் எடையைத் தேதிவாரியாக எழுதச் சொன்னார். உள்ளங்கை அளவில் இருந்த 1.25 கிலோ தட்டு இரண்டை எடுத்துக் காட்டி, "எட்டு முறை சுத்தமாக வந்தால் இதை மாட்டு, வராவிட்டால் தொடாதே" என்றார். எனக்கு விளங்கியது அப்போதுதான். தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. என் கணக்கில் 39 கிலோ. இரண்டு ஆண்டுகளாக அதே 39 கிலோவைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். தசைக்குப் புதிய வேலையே வரவில்லை.

முதுகு விஷயம் இன்னும் மோசம். மாடியில் நான் செய்ததெல்லாம் தள்ளும் பயிற்சி. இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. என் அம்மாயி எழுபது வயது வரை கிணற்றில் நீர் சேந்தியவர். அவர் தோளில் இருந்த உரம் எனக்கு வந்தது, கம்பியை வயிற்றுப் பக்கம் இழுத்துப் பழகிய பிறகுதான்.

சாப்பாட்டையும் மாற்றினேன். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் எனக்கு நாளுக்கு 93 கிராம். தினம் அரிசிம்பருப்புச் சோறு மட்டும் தின்றால் அது எட்டாது. நான்கு முட்டை, ஒரு கை நிலக்கடலை, தயிர், அம்மா கடையும் கொள்ளு, வாரம் மூன்று நாள் கோழி.

பதினான்கு மாதத்தில் 65 கிலோ. நோட்டில் பஸ்கி எடை 40 கிலோவில் தொடங்கி 77.5 கிலோவில் நிற்கிறது.

போன தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் இரண்டு வாரம் கூடத்துக்குப் போக முடியவில்லை. முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டு மாடியில் தண்டால் எடுத்தேன், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தேன், படிக்கட்டுக் கம்பியில் தொங்கி இழுத்தேன். திரும்பிப் போன அன்று பழைய எடை அப்படியே எழுந்தது. மாஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு சின்னத் தட்டுகளை எடுத்து நீட்டினார்.