ஞாயிற்றுக்கிழமைச் சமையல், சோறில்லாத கிழமை: உங்களுக்கு நடந்தது என்ன?

ஆரையம்பதி மருமகன்:
நம்ம மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, கல்யாணம் முடித்தால் பொண்சாதி வீடுதான். நானும் மாமி வீட்டில்தான் இருக்கிறேன். சீனி வருத்தம் (நீரிழிவு) என்று தெரிந்ததிலிருந்து ஞாயிறு ஒரே நாளில் ஐந்து நாளுக்கும் சோறில்லாமல் சமைத்துப் பெட்டி பெட்டியாக வைக்கிறேன். கீரி மீன், சூடை மீன், முட்டை, கோவா (முட்டைக்கோசு), கத்தரிக்காய். செலவு கட்டுப்படியாகிறது, அது பிரச்சினை இல்லை.

பெரும்போக நெல் வெட்டிப் புது அரிசி வந்த அன்று மாமி தானே பரிமாற வந்தார். நான் கோப்பைக்கு மேல் கையை வைத்து மறித்துவிட்டேன். அவர் ஏசவில்லை. அகப்பையில் அள்ளிய சோற்றைத் திரும்பப் பானையில் போடவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், ஆவி அடங்கும் வரைக்கும். "நம்மட வயல் அரிசி மகன்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதமாகிறது. இன்றைக்கும் பெட்டியைத் திறந்தால் அந்த அகப்பைதான் கண்ணுக்குள் வருகிறது. உங்கள் வீடுகளில் எப்படி?

பஸ்ஸில் போனவன்:
எனக்கு வீட்டில் ஒரு கரைச்சலும் இல்லை. என் கதை பஸ்ஸில் நடந்தது. சோற்றை ஒரேயடியாக நிறுத்தி ஒன்பதாவது நாள். காலையில் இரண்டு முட்டையும் முருங்கையிலைச் சுண்டலும் சாப்பிட்டு, வழக்கம்போல சீனியைக் குறைக்கிற கிளிக்கிளசைட் குளிசையையும் போட்டுக்கொண்டு கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறினேன். களுவாஞ்சிகுடி தாண்டவில்லை, உள்ளங்கை வேர்த்து விரல் நடுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ராத்தா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடியில் இருந்த சாமான் பையைக் கிண்டி, சீனிப் பையைப் பல்லால் கிழித்து, என் கையில் ஒரு பிடி கொட்டினார். "நக்குங்க தம்பி, வெட்கப்படாதீங்க." பஸ் முழுக்கப் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி நக்கினேன். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தது. வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்தபோதும் இரத்தச் சீனி 68தான், குறைவாகத்தான் காட்டியது. சீனி தின்ற பிறகு!

கிளினிக்கில் டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். சோற்றைக் குறைக்கப் போவதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று பேச்சும் வாங்கினேன். அந்த ராத்தாவின் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். அதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

செங்கலடி அக்கா:
ஏன் இந்தப் பாடு? குரக்கன் (கேழ்வரகு) பிட்டு அவியுங்கள். எங்கள் அப்பா அதைத் தின்றுதான் எண்பது வயது வரை வயலுக்குப் போனார்.

மீட்டர்காரி:
அக்கா, கோபிக்க வேண்டாம். நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மாவை வறுத்து ஒரு கிழமைக்குப் பிட்டு அவித்து வைத்தேன், இரவு இரவாக அதுதான் சாப்பாடு. மூன்றாம் நாள் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு விரலைக் குத்திப் பார்த்தால் சீனி 231க்கு ஏறியிருந்தது. மீட்டர் பழுது என்று நினைத்து மற்ற விரலையும் குத்தினேன். 228. குரக்கன் மா 100 கிராமில் மாச்சத்து மட்டும் 70 கிராம் அளவில் இருக்கிறது. நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்றால் மாச்சத்துக் குறைந்த சாப்பாடு ஆகிவிடாது. உங்கள் அப்பா வயலில் வேலை செய்தார். நான் கதிரையில் இருந்து கணக்கு எழுதுகிறேன்.

அக்கரைப்பற்றுக்காரன்:
2022 பங்குனிக் கடைசி, நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம். சமையல் காஸும் இல்லாததால் விறகடுப்பில் ஒரே தடவையில் சமைத்து வைப்போம் என்று சூரை மீன் நாலு கிலோ மலிவாக வாங்கினேன். மீன் வெக்கையில் அரை நாள் கிடந்தது. மணத்தில் ஒரு குறையும் இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட்டோம். முதல் வாயிலேயே நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுறுசுறுப்பு. அரை மணித்தியாலத்தில் உம்மாவின் முகம் கொவ்வைப்பழம் மாதிரிச் சிவந்துபோனது. அலர்ஜிக் குளிசை போட்டுத்தான் தணிந்தது. சூரை மாதிரியான மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரிக் காட்டும் நஞ்சு ஊறிவிடுமாம், ஊறினால் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தும் போகாதாம். உம்மா அன்றிலிருந்து சூரை தொடுவதில்லை.

கல்முனை ரீச்சர்:
என் கதை சின்னது. நெட்டில் பார்த்துக் கோலிபிளவர் சோறு செய்தேன். மகன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நாய்க்கு வைத்தான். நாயும் என்னைத்தான் பார்த்தது.

ஆனால் எல்லோரும் சில பிழைகளை விடுகிறீர்கள், அவற்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கோலிபிளவரை விடுங்கள். கோவாவை அரிசி அளவுக்குக் கொத்தி, கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும், காசும் மிச்சம். மீன் குழம்பைக் கொறக்காப்புளியோடு (குடம்புளி) வெறும் தண்ணீரில் வற்ற வையுங்கள். தேங்காய்ப்பாலை ஞாயிறே விடாதீர்கள், சூடாக்கும் அன்றைக்கு விட்டால் புளிக்காது, திரையாது. அப்புறம், சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. அகலத் தட்டில் ஊற்றி, ஆறியதும் சின்னப் பெட்டிகளில் போடுங்கள். புதன் வரைக்கும் உள்ளதை ஃப்ரிட்ஜில், மற்றதை ஃப்ரீசரில். முட்டையை அவித்துக் கோது உடைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமை கிடக்கும். கீரையைச் சமைத்து வைக்காதீர்கள், அது அன்றன்று சுண்ட வேண்டியது. பருப்பைக் கறி என்று அள்ளிப் போடுகிறீர்கள், அதிலும் மாச்சத்து இருக்கிறது. ஒரு சட்டித் தயிர் வாங்கினால் நாலு நாளுக்குக் காணும், இனிப்புப் பாணி மட்டும் விடாதீர்கள்.

மருமகனுக்கு ஒன்று: மாமி தந்தால் ஒரு அகப்பை வாங்கியிருக்கலாம். அவித்த சோறு 100 கிராமில் மாச்சத்து 28 கிராம் அளவில்தான். மற்ற நேரத்தில் குறைத்தால் கணக்குச் சரி.

பஸ்ஸில் போனவன்:
ரீச்சர், அந்த ஒரு அகப்பை ஒரு அகப்பையோடு நிற்பதில்லை. உங்களுக்கு மாமி வீட்டுப் பரிமாறல் தெரியாது போல.

ஆரையம்பதி மருமகன்:
ஹா, உண்மை. நேற்று மாமி ஃப்ரிட்ஜைத் திறந்து என் பெட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புக் காணாது மகன்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டுப் போனார்.