மேப்பிங்: 'வரைபடமாக்கம்' வேண்டாம், 'இடங்காணல்' போதும்

அன்புடையீர்,

கோதுமைத் துருநோய் (இலையிலும் தண்டிலும் துரு நிறக் கொப்புளம் எழுப்பும் பூஞ்சை நோய்) பற்றிய கட்டுரையில் 'ஜீன் மேப்பிங்' என்பதற்கு நண்பர் முன்வைத்த 'மரபணு வரைபடமாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. கோதுமையின் 21 ஜோடி குரோமோசோம்களிலும் டி.என்.ஏ. குறிகள் (மார்க்கர்கள்) நிற்கும் வரிசையைத் தீட்டுவதற்கு அது சரியான சொல்தான். துருநோய் ஆய்வாளர் செய்வது வேறு வேலை. துரு தாங்கும் ரகத்தையும் எளிதில் துரு பிடிக்கும் ரகத்தையும் கலக்கிறார். வழித்தோன்றல்களைப் பல தலைமுறை தற்சேர்க்கையில் வளர்த்து, நிலையான வரிசைகள் ஆக்குகிறார். துரு வித்துகளைத் தூவி, எந்த வரிசையின் இலையில் எவ்வளவு கொப்புளம் என்று மதிப்பெண் போடுகிறார். பிறகு, நோய் குறைந்த வரிசைகளோடு ஒட்டிக்கொண்டே வரும் டி.என்.ஏ. குறி எது என்று துழாவுகிறார். அது அகப்பட்டால், எதிர்ப்பு மரபணு பக்கத்தில்தான் இருக்கிறது. வேலையே இடத்தைக் காண்பதுதான் என்னும்போது 'இடங்காணல்' என்றே சொல்லலாமே. 'இடங்கண்ட மரபணு' என்று வளைக்கவும் வரும். 'வரைபடமாக்கப்பட்ட மரபணு' என்று ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

கியூ.டி.எல். (குவான்டிடேட்டிவ் டிரெய்ட் லோகஸ்) இன்னும் சிக்கல். நோயின் அளவு போல, கூடக்குறைய அளந்து பார்க்கும் ஒரு பண்பில் பங்கு வகிக்கும் குரோமோசோம் இடம் அது. 'அளவுசார் பண்புக்கூறு அமைவிடம்' பெயர் மாதிரி இல்லை, விளக்கவுரை மாதிரி இருக்கிறது. இந்தச் சொல் நமக்கு அடிக்கடி தேவைப்படும். காரணம், கோதுமைக்கு உறவான ரை பயிரிலிருந்து அதற்கு வந்த எஸ்ஆர்31 என்ற ஒற்றை மரபணுவைப் பல நாட்டு ரகங்கள் நம்பியிருந்தன. 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 என்ற தண்டுத் துரு இனம் அதைச் செல்லாக்காசாக்கியது. அதன்பின், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் காக்கும் மரபணுக்களைச் சேர்த்துக் கட்டுவதில் ஆர்வம் பெருகியது. 7டி குரோமோசோமில் உள்ள எல்ஆர்34 அத்தகையது. நாற்றில் பெரிதாக எதுவும் காட்டாது. வளர்ந்த பயிரில் துருவின் வேகத்தைக் குறைக்கும். கொடியிலையின் (கதிருக்கு அடுத்துக் கீழே உள்ள இலை) நுனி காய்ந்திருப்பதை வைத்தே வயலில் அதை ஊகிப்பார்கள். 2009இல்தான் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

கியூ.டி.எல். பண்புக்குப் பங்களிக்கும் இடம் என்பதால் அதை 'பங்கிடம்' எனலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவசரத்தில் 'பங்கிடும்' என்று படித்துவிடுவார்கள். எனவே முதல்முறை 'அளவைப் பண்பிடம்', பிறகு வெறும் 'பண்பிடம்'. துருவை முற்றாகத் தடுக்காமல் மெதுவாக்கும் எதிர்ப்புக்குத் 'துருமந்தம்' சரிப்படுமா?

இவையெல்லாம் எங்கோ வடக்கே பேச வேண்டிய சொற்கள் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அங்கே கோதுமை ரகங்களைத் துருவுக்கு எதிராகச் சோதிக்கிறார்கள். அந்த வயலில் நின்று சொல்லக் கூசாத சொல்லாக இருந்தால் போதும்.

குரோமோசோமை 'நிறமூர்த்தம்' ஆக்கலாமா என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து இந்தக் கட்டுரையில் கிளப்ப வேண்டாம். அந்த வாதத்தில் இரு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். 'பண்பிட'த்துக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.