க்னூகேஷில் பழைய கணக்கை அழிக்கலாமா, கூடாதா?

பைசா_பாண்டி:
2009 முதல் வீட்டுக் கணக்கு க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில்தான். கோப்பு பெருத்துக்கொண்டே போகிறது. 2020 மார்ச் வரை உள்ளதை அழித்துவிட்டு, அன்றைய இருப்பைத் தொடக்க இருப்பாகப் போடப் போகிறேன். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்தேகால் வருடம் போனால், பழைய கணக்கைத் திரும்பக் கிளறும் மறுமதிப்பீட்டு நோட்டீஸை வருமான வரித்துறையே பொதுவாக அனுப்ப முடியாது. அவ்வளவு காலமும்கூட 50 லட்சமோ அதற்கு மேலோ வருமானம் விடுபட்டிருந்தால்தான். 2011இல் வாங்கிய தக்காளிக் கணக்கு யாருக்கு வேண்டும்?

உறையூர்வாசி:
தக்காளி போகட்டும் சார். அந்தக் கோப்பில் அது மட்டுமா இருக்கிறது? 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்கையோ ஈக்விட்டி ஃபண்டையோ இன்று விற்றாலும், லாபத்துக்கு வரி கணக்கிட வாங்கிய விலையும் வேண்டும், அந்த ஜனவரி 31 அன்று இருந்த விலையும் வேண்டும். முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்றதாகக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே வரித் தொடக்க இருப்பாகச் சுருக்கினால் எது எந்தத் தேதியில் வந்தது என்பது போச்சு.

பைசா_பாண்டி:
அதற்குத்தான் ஃபண்ட் முதலீட்டுப் பதிவுகளை வைத்திருக்கும் காம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் இருக்கிறதே. முதல் எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும்) தவணையிலிருந்து வரும். இன்னொன்று, க்னூகேஷ் கோப்புக்குப் பாஸ்வேர்டு கிடையாது. லேப்டாப் திருடு போனால் என் ஜாதகமே போகும்.

உறையூர்வாசி:
அப்போ ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள், கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாது. கடைசி சில வருடக் கணக்கு மட்டும் திருடன் கையில் கிடைத்தால் பரவாயில்லையா?

ஸ்டேட்மென்டில் ஃபண்ட் வரும். வீடு வருமா? 2012இல் மாடி எடுத்திருந்தால் கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் வீட்டை விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் கழிக்கலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கணக்கிட்டால் லாபத்தில் 20 சதவீதம், உயர்த்தாவிட்டால் 12.5 சதவீதம், இரண்டில் வரி குறைவாக வருவதைக் கட்டலாம். எது குறைவு என்று பார்க்கவே பழைய தொகையும் வருடமும் தேவை. பில் தொலைந்த வீடுகளில் எந்த வருடம் எவ்வளவு போனது என்று சொல்ல இந்தக் கோப்புதான் மிச்சம்.

டெர்மினல்_தாத்தா:
குறுக்கே வருகிறேன், தம்பிகளா. கோப்பு பெருப்பதுதான் கவலை என்றால், பங்கு, ஃபண்ட் விலைகளை க்னூகேஷ் சேர்த்துவைக்கும் விலைத் தரவுத்தளத்தைப் பாருங்கள். தினமும் என்ஏவி (ஒரு ஃபண்ட் யூனிட்டின் அன்றைய மதிப்பு) இழுக்க விட்டிருந்தால் அங்கேதான் குவிந்திருக்கும். பழைய விலைகளை நீக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது, மாதக் கடைசி விலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லலாம். 2018 ஜனவரி 31 மாதக் கடைசிதான், தப்பிவிடும். அப்புறம், க்னூகேஷில் 'புத்தகத்தை முடித்தல்' என்று ஒரு வசதி இருக்கிறது, அது எதையும் அழிக்காது. வரவு செலவுக் கணக்குகளைப் பூஜ்யமாக்கி மூலதனத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். பழைய வரிகள் கண்ணை உறுத்தினால் தேதி வடிகட்டி போடுங்கள்.

பைசா_பாண்டி:
விலைகளை இன்றே நீக்குகிறேன். தக்காளியைச் சுமக்க மாட்டேன். கணக்குத் தலைப்புகளை மட்டும் ஏற்றுமதி செய்து புதுக் கோப்பு தொடங்குகிறேன். பழையது அப்படியே பென்டிரைவில் கிடக்கட்டும்.

உறையூர்வாசி:
ஒரு பென்டிரைவா? ஃபண்ட் கணக்கையாவது வாங்கிய தேதி வாரியாகப் புதுக் கோப்பில் ஏற்றுங்கள்.

பைசா_பாண்டி:
பென்டிரைவ் இரண்டு, சரி. ஃபண்டை ஏற்ற மாட்டேன். ஸ்டேட்மென்ட் போதும்.