கன்ட்ரி பாடகர் பாப் இசைக்கு மாறினால் உண்மையில் இழப்பது எதை?

தென்றல்வாசி (கேள்வி):

டெய்லர் ஸ்விஃப்ட் 2014 அக்டோபரில் '1989' தொகுப்பை வெளியிட்டு, இது தமது முதல் முழுமையான பாப் தொகுப்பு என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே அது ஏறத்தாழ 12.87 லட்சம் பிரதிகள் விற்றது. 2016இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால், கன்ட்ரி இசையிலிருந்து (அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்கொண்ட பாணி) பாப்புக்குப் போவதில் ஆபத்து ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் 2002இல் கன்ட்ரி பாடகிகளான லீஆன் ரைம்ஸும் ஃபெயித் ஹில்லும் இதே திசையில் போய்ப் பார்த்துவிட்டு, 2005இல் இருவருமே கன்ட்ரிக்குத் திரும்பினார்கள். குரல்வளத்தில் அவர்கள் ஸ்விஃப்ட்டுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். என் காதுக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன். அப்படியிருக்க, ஒருவருக்குக் கைகூடியது மற்ற இருவருக்கு ஏன் கைகூடவில்லை? பாடல்களின் தரம்தான் காரணமா, அல்லது அந்தத் தொழில் நடக்கும் முறையிலேயே ஏதேனும் இருக்கிறதா?

பழைய ரேடியோ (பதில்):

இரண்டாவதுதான். ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதைத்தான் எல்லோரும் ஆபத்தாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய ஆபத்து வானொலி. அமெரிக்கக் கன்ட்ரி இசையில் ஒரு பாடகரின் பிழைப்பு நெடுங்காலமாக வானொலி நிலையங்களின் கையில்தான் இருந்து வந்திருக்கிறது. புதிதாக வருபவர் ஊர் ஊராகச் சென்று, நிலையத்தின் கூட்ட அறையில் கிதாரும் கையுமாக நின்று, நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் நாலைந்து பேருக்கு முன்னால் பாடிக் காட்ட வேண்டும். அதன் பிறகும் ஒரு பாடல் பட்டியலில் மேலே வர ஆறு மாதம்கூட ஆகலாம். இவ்வளவு பொறுமையாகத் தூக்கிவிட்ட நிலையங்கள், அந்தப் பாடகர் பாப் பக்கம் சாய்ந்ததும், தங்களை ஏணியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்கின்றன.

ஃபெயித் ஹில்லுக்கு நேர்ந்தது இதுதான். 2002இல் வந்த அவருடைய 'க்ரை' தொகுப்பு பில்போர்டு தொகுப்புப் பட்டியலில் முதலிடத்தில்தான் நுழைந்தது. அதன் தலைப்புப் பாடலுக்குக் கன்ட்ரி பிரிவிலேயே கிராமி விருதும் கிடைத்தது. இருந்தும் கன்ட்ரி வானொலி அதை அரை மனதோடுதான் ஒலிபரப்பியது. கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாடல் 12ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதாவது பணமும் விருதும் வந்தன, வீடு மட்டும் கைவிட்டுப் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, தாம் இன்னும் அதே மிசிசிப்பிப் பெண்தான் என்று சொல்லும் ஒரு பாடலோடு அவர் திரும்பி வந்தபோது, அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அந்தப் பாடலை ஏறக்குறைய ஒரு சமாதானக் கடிதம் என்றே சொல்லலாம்.

கன்ட்ரி வட்டாரத்தில் இந்த ரோஷம் இன்று நேற்று முளைத்ததல்ல. 1974இல் பாப் பாடகியான ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குச் சிறந்த பாடகி விருதைக் கன்ட்ரி இசைச் சங்கம் கொடுத்தபோது, கொதித்துப்போன பாடகர்கள் சிலர் தனியாக ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். மறு ஆண்டு அதே சங்கத்தின் விருது மேடையில், உயரிய விருதை வென்றவராக ஜான் டென்வரின் பெயர் இருந்த சீட்டைக் கன்ட்ரி பாடகர் சார்லி ரிச் லைட்டரால் கொளுத்தினார். டென்வரையும் பாப் பாடகராகவே பலர் பார்த்தார்கள். அது எதிர்ப்பா விளையாட்டா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே ரிச்சின் பாடல் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

எஃகுக் கம்பி (பதில்):

பழைய ரேடியோ அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்விஃப்ட் ஏன் தப்பினார் என்ற பாதிக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அவர் ஒரே இரவில் தாவியவர் அல்லர். 2012இல் வந்த 'ரெட்' தொகுப்பிலேயே பாப் தயாரிப்பாளர் மேக்ஸ் மார்ட்டினோடு சேர்ந்து பாப் பாடல்களைச் செய்து, தண்ணீரின் ஆழம் பார்த்துவிட்டார். தவிர, பாடல்களைத் தாமே எழுதியதால், பின்னணி மாறினாலும் பேசுகிற ஆள் மாறவில்லை; 2010ஆம் ஆண்டுத் தொகுப்பை அவர் துணையின்றித் தனியாகவே எழுதியிருந்தார். ரைம்ஸும் ஹில்லும் பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பாடிப் புகழ்பெற்றவர்கள் என்பதால், இசை மாறியதும் பிடித்துக்கொள்ள வேறு கொழுகொம்பு இருக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். '1989'இல் கன்ட்ரி பாடல்கள் சிலவற்றையாவது சேர்க்கும்படி அவருடைய இசை நிறுவனத்தின் தலைவர் கேட்டும் ஸ்விஃப்ட் இணங்கவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருந்தால், இரு பக்கத்து வானொலிகளும் அவரைச் சந்தேகித்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழியில் வென்றவர் டாலி பார்ட்டன். 1977இல் 'ஹியர் யூ கம் அகெய்ன்' ஒலிப்பதிவின்போது, பாடல் மிகவும் பாப்பாக ஒலிக்கிறதே என்று அஞ்சி, கன்ட்ரியின் அடையாளமான ஸ்டீல் கிதாரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் அவர் வற்புறுத்தினார். கேட்டுப் பாருங்கள், பியானோ முன்னால் துள்ளிக்கொண்டு போக, அந்த வழுக்கும் கம்பியொலி பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அந்தப் பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடமும் பாப் பட்டியலில் மூன்றாம் இடமும் பெற்றது. அடுத்த ஆண்டே கன்ட்ரி இசைச் சங்கத்தின் உயரிய விருது அவருக்குக் கிடைத்தது.

தென்றல்வாசி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கன்ட்ரி பாடகி ஷனாயா ட்வைன் 2002இல் ஒரே தொகுப்பை வெவ்வேறு வடிவங்களில் வெளியிட்டதும் இந்தப் பயத்தால்தானா? இன்றைய ஸ்ட்ரீமிங் காலத்தில் வானொலிக்கு அந்தப் பழைய பிடி இன்னும் இருக்கிறதா?

பழைய ரேடியோ:

பயம் என்பதைவிட வியாபாரக் கணக்கு என்பேன். அமெரிக்காவில் 'அப்!' தொகுப்பு இரண்டு வட்டுகளாக வந்தது. அதே 19 பாடல்கள் ஒன்றில் பாப் அமைப்பிலும் மற்றதில் கன்ட்ரி அமைப்பிலும் இருந்தன. வெளிநாடுகளுக்கு என்று வந்த நீல வட்டில், பர்மிங்காமைச் சேர்ந்த டுக்கல் சகோதரர்கள் இந்திய வாத்தியங்களை வைத்தே அந்தப் பாடல்களை மாற்றி அமைத்திருந்தார்கள். ஒரு பாடலை மூன்று விதமாக ஒலிப்பதிவு செய்ய யாருக்குப் பணமும் பொறுமையும் இருக்கும்? முந்தைய தொகுப்பு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றிருந்ததால் அவரால் முடிந்தது. புதியவர்களுக்கு அது வழியாகாது.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு வானொலியின் பிடி தளர்ந்திருக்கிறது, ஆனால் வேலி போடும் வேலையை வேறு சிலரும் செய்கிறார்கள். கன்ட்ரி பாடகி கேசி மஸ்கிரேவ்ஸ் 2019இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமியை வென்றவர். அவருடைய 2021ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கன்ட்ரி பிரிவில் ஏற்க முடியாது என்று கிராமி குழு பாப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. அங்கே அதற்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அதே தொகுப்பிலுள்ள ஒரு பாடல் மட்டும் கன்ட்ரி பிரிவில் பரிந்துரை பெற்றது. பாடல் கன்ட்ரியாம், அது இடம்பெற்ற தொகுப்பு கன்ட்ரி இல்லையாம். இந்த நிலையில் மாறப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தம் ரசிகர்கள் தம்மைத் தேடி வருகிறார்களா, அல்லது வானொலி போடுவதால் கேட்கிறார்களா என்பதைத்தான். இரண்டாவது வகை என்றால் எஃகுக் கம்பி அவர்கள் சொன்ன அந்த ஸ்டீல் கிதாரை இன்னும் சில காலம் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.